உலகம்மாள் வாங்கிய சின்னத் துப்பாக்கி

ஆலடிப்பொத்தையில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய பயம் வாரிசுகளுக்குப் போய்விடும். வீடும் நிலமும் பேர் மாறுவதற்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டும். பயம் அப்படியில்லை, பதினாறாம் நாளே வந்துவிடும். தாலுகா ஆபீசில் அதற்கென்று ஒரு ஜன்னல் உண்டு. சொந்தமாகப் பயம் வந்தவர்களும் அங்கேதான் போய்ப் பதிய வேண்டும். பயத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, முப்பது நாளுக்குள் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி மறைத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள். துப்பாக்கி வைத்திருப்பவரிடமிருந்து பயம் ஒரு முழம் தள்ளியே நிற்கும். இல்லாதவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதுவரை யாரும் சுட்டதில்லை.

ஒரே ஒரு நிபந்தனைதான். துப்பாக்கியை வேறொருவர் பார்த்துவிட்டால் அது பார்த்தவருடையதாகிவிடும், பயமும் கூடவே போய்விடும். போனது போனதுதான், பழைய ஆளிடம் திரும்பாது. அப்படியானால் சந்தையில் யாராவது அப்பாவியிடம் காட்டித் தொலைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு பேர் அப்படிச் செய்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை ஊரில் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைப்பதில்லை.

உலகம்மாளின் கணவர் ஆறுமுகநயினார் பஸ் கண்டக்டர். தன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார் என்பது அவருடைய பயம். பிதுங்குகிற கூட்டத்தில் கண்டக்டருக்குப் பின்னால் யாராவது நிற்கத்தான் செய்வார்கள். ஆகையால் வேலை நேரத்தில் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் சாப்பிடுவார், சுவரை ஒட்டித்தான் படுப்பார். துப்பாக்கியை டிக்கெட் பைக்கு அடியில் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் உலகம்மாள் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. அவர் அப்படிக் காப்பாற்றினார். போன வருஷம் ஆவணியில் பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். துப்பாக்கியைப் பார்க்காமலே துணியில் சுற்றி ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள்.

வாரிசுச் சான்றிதழில் இரண்டு பெயர்கள் இருந்தன. மனைவி உலகம்மாள், மகள் கீர்த்தனா. ஆளுக்குப் பாதிப் பயம். உலகம்மாள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. இனிமேல்தான் அது நாலு இடத்துக்குப் போகணும், வரணும். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனால் எங்கே போய்ச் சேரும்? மகளை அழைத்துப் போய், தன் பங்குப் பயத்தைத் தாய்க்கே விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவைத்தாள்.

பிறகு துப்பாக்கி வாங்கப் போனாள்.

வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சியின் கடை பாத்திரக்கடைக்கும் குடை ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. உள்ளே போனதும் அண்ணாச்சி தன் கண்ணில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். வாங்க வந்தவளும் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வது போல, மேஜைமேல் விரித்திருந்த இன்னொரு துண்டுக்கு அடியில் இருவரும் கையை விட்டார்கள். துப்பாக்கியைக் காட்டுவதும் அதற்கடியில்தான், விரலைப் பிடித்து விலை சொல்வதும் அதற்கடியில்தான்.

"இது எப்படி இருக்கு, பாரும்மா."

"கனமா இருக்கு அண்ணாச்சி. இடுப்புல நிக்காது, சேலைய இழுத்துட்டுப் போயிரும்."

"கனந்தான் நல்லது. பயம் ரெண்டு முழம் தள்ளி நிக்கும்."

"நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிந்து நிக்கணும். பிள்ளை கண்ணுல பட்டுரும்."

அண்ணாச்சி அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கையில் வைத்தார். பூவரச இலை கனம்கூட இல்லை. சேலை மடிப்புக்குள் வைத்தால் அவளுக்கே தெரியாது. இதுதான் என்று மனசு சொன்னது. அண்ணாச்சி அவள் விரல்களைப் பிடித்து விலையைச் சொன்னார். உலகம்மாள் கையை வெளியே எடுத்துவிட்டாள்.

"கோவிச்சுக்கிடாத. இன்னொண்ணு இருக்கு" என்றார்.

மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. காய்ச்சல்காரர் நெற்றி போல லேசான சூடு. விரலில் சொன்ன விலையை அவளால் நம்ப முடியவில்லை.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு மலிவா?"

"ஒரு குறை இருக்கு. பின்னால என்னையத் திட்டக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு இருமும்."

"எத்தனை தடவை?"

"மூணு. மழை நேரத்துல அஞ்சு."

உலகம்மாள் அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டாள். "சரி, இதையே குடுங்க. நானும் கூடச் சேந்து இருமிக்கிடுதேன்."

அன்றிலிருந்து அது அவள் இடுப்பில், கொசுவத்துக்குப் பக்கத்தில், சாவிக்கொத்துக்குக் கீழே இருந்தது. ஒரு முழம் பின்னால் யாரோ நின்றார். திரும்பினால் அவரும் சேர்ந்து திரும்பிவிடுவார். பழகிக்கொண்டாள். நாலு மணியானால் துப்பாக்கி மூன்று தடவை இருமும். அது ஆரம்பிப்பதற்கு முன்பே இவள் முந்தானையை வாயில் வைத்து இருமிவிடுவாள். பட்டா நகல் எடுக்க வந்து நிற்பவர்கள் தாளை நீட்டியபடியே காத்திருப்பார்கள்.

கீர்த்தனா மூன்றரைக்குக் காலேஜிலிருந்து வந்துவிடுவாள். நாலு மணி இருமலைத் தினமும் கேட்டாள். தூதுவளை ரசம் வைத்தாள். கற்பூரவல்லியை இடித்துப் பிழிந்து கொடுத்தாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்.

"நாலு மணிக்கு மட்டும் எப்பிடிம்மா இருமல் வருது?"

"அது அப்பிடித்தான் வருது. நீ படி."

உலகம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இருமும்போது நெஞ்சு வலிக்கவில்லை. பிள்ளையின் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போவதைப் பார்க்கும்போதுதான் வலித்தது. ஆனாலும் சொல்ல முடியாது. சொன்னால் காட்டு என்பாள். காட்டினால் எல்லாம் போச்சு.

வருஷம் கழிந்தது. துக்கத்துக்காகத் தள்ளி வைத்திருந்த பண்டிகைகளில் முதலாவதாக ஆயுத பூஜை வந்தது. உலகம்மாள் கடையைக் கழுவிவிட்டாள். ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்து விபூதிப் பட்டை போட்டாள். நயினாரின் படத்துக்கு மாலை போட்டு, அதன் முன்னால் வாழையிலையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். லேமினேஷன் மெஷின், ஸ்கேல், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், வீட்டு அரிவாள்மணை. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தாள். வருஷம் பூரா நமக்காக உழைத்த சாமான்களுக்கு அன்று ஒரு நாள் ஓய்வு. ஒன்றை விட்டுவிட்டாலும் அது மனசுக்குள் வைத்துக்கொள்ளும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். கை வேலையில் இருந்தது, மனசு எங்கேயோ இருந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்டேப்ளருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் அழகாக வைத்துவிட்டு, சூடம் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

அவள் திரும்பி வந்தபோது இலையில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. பொரிகடலைத் தட்டோடு வந்த கீர்த்தனா ஸ்கூட்டர் சாவியை வைத்திருந்தாள், கால்குலேட்டரை வைத்திருந்தாள், அந்த வேகத்திலேயே தன்னுடையதையும் எடுத்துச் சந்தனம் தடவி வைத்திருந்தாள். மகள் தாயுடையதைப் பார்த்தாள். தாய் மகளுடையதைப் பார்த்தாள்.

மணி நாலு அடித்தது. ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் இருந்த துப்பாக்கி மூன்று தடவை இருமியது. உலகம்மாள் வாயைத் திறக்கவில்லை.

"இருமுனது இதுவாம்மா?"

"ஆமா."

"நீ இல்லையா?"

"நான் தொணைக்கு இருமுனேன்." பிறகு கேட்டாள், "ஒனக்கு எதுக்குட்டி இது?"

கீர்த்தனா கைப்பையிலிருந்து தாலுகா ஆபீஸ் தாளை எடுத்துக் கொடுத்தாள். தை மாசத்து முத்திரை. பயத்தின் பெயர் என்று போட்டிருந்த இடத்தில், தாயார் உலகம்மாள் இருமியே இறந்துபோவார் என்று எழுதியிருந்தது.

"அண்ணாச்சி கடையிலதான் வாங்குனேன். நீ பாத்துரக் கூடாதுன்னு துப்பட்டாவ எறக்குனதே இல்ல."

அந்தப் பயம் இப்போது உலகம்மாளுடையது. அதனால் அவளுக்குப் பெரிய தொந்தரவு தோன்றவில்லை. சாக வேண்டியவள் தெரிந்த ஆள்தான். ஆனால் அதே நிமிஷம் கீர்த்தனா வெடுக்கென்று தலையைத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிய விதம் நயினாரை உரித்து வைத்திருந்தது. மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரைத் தேடினாள். உலகம்மாள் பத்திரம் எழுதி, கண்ணைக் கட்டித் தடவி வாங்கி, ஒரு வருஷம் பொய்யாக இருமி, கடைசியில் தன் கையாலேயே பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள். சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு நயினாரின் பஸ் கூட்டம் ஞாபகம் வந்தது. அவள் எழுந்து போய், மகளுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"பின்னால யாரும்மா?"

"நான்தான்."

"சரி" என்றாள் கீர்த்தனா. அவள் தோள்கள் இறங்கின. சூடம் ஏற்றினார்கள்.

மறுநாளிலிருந்து உலகம்மாள் மகளுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். ஸ்கூட்டரில் பின்சீட்டில் உட்காருகிறாள். வகுப்பில் மகளுக்குப் பின் பெஞ்சு. வருகைப் பதிவேட்டில் உலகம்மாள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் கடையில் கீர்த்தனா மெஷினை ஓட்ட, இவள் பின்னால் நிற்கிறாள். கீர்த்தனா இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலு மணிக்கு அவள் இடுப்பில் அது இருமும்போது இரண்டு பேரும் சேர்ந்தே இருமுகிறார்கள்.

கார்த்திகை மாசம் ஒரு நாள், நாலு மணி இருமல் முடிந்த பிறகு, உலகம்மாளின் முதுகுக்குப் பின்னால் கண்டக்டரின் தோல் பையில் சில்லறை குலுங்கியது.

"முன்னால எடம் கெடக்கு, நகந்து நில்லுங்க" என்றது இருபத்திரண்டு வருஷம் கேட்ட குரல்.

உலகம்மாள் அரை அடி நகர்ந்து நின்றுகொண்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். இரண்டு டிக்கெட் கிழித்து உள்ளங்கையில் வைத்தார். மகள் பார்க்காதபடி அவற்றை இடுப்பில் செருகிக்கொண்டாள்.