துடைத்ததும் கழுவியதும்

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மரியா தன் முப்பத்திரண்டு பிரஷ்களையும் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைதான் கழுவியிருந்தாள். விவேக் நகரில் அவளைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள், பிரஷ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பைத்தியம் என்று அவளுக்குப் பெயர்.

கை கழுவும் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு. முடி கீழே பார்த்தபடிதான் நனைப்பாள். முடியைக் காம்போடு பிடித்திருக்கும் பூணுக்குள் தண்ணீர் ஏறினால் பசை விட்டு முடி கொட்டிவிடும். உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்து, அலசிய தண்ணீர் தெளியும்வரை அலசி, துண்டில் ஒற்றி, முடி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைப்பாள். அன்று இரண்டு பிரஷ்கள் கைநழுவிக் கீழே விழுந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு ரிசெப்ஷனுக்குப் போயிருந்தாள். அங்கே மணப்பெண்ணின் இடது கண் சிவந்து, ஓரத்தில் பீளை கட்டியிருந்தது. ரெண்டு நாளாகத் தூக்கமில்லை என்றாள். மெட்ராஸ் ஐ என்று மரியாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஒத்துக்கொண்ட வேலையை விட்டு வர மனம் வராமல் மை தீட்டி முடித்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் சிவாஜிநகரில் ஸ்னேஹா என்ற பெண்ணின் கல்யாணம். கழுவினால் பிரஷ் காய ஒரு முழு நாள் வேண்டும். ஸ்ப்ரே அடித்து, டிஷ்யூவில் துடைத்து, பைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்னேஹாவின் அண்ணன் ஜெயராஜ் போன் செய்தான். துணிக்கடை வைத்திருப்பவன், கல்யாண வீட்டில் அவளுக்கு இருமுறை காபி கொண்டுவந்து கொடுத்தவன். தங்கைக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன, டாக்டர் பிரஷ் பற்றிக் கேட்கிறார், கழுவிவிட்டுத்தான் போட்டீர்களா என்றான். கழுவினேன் என்றாள் மரியா. பக்கத்தில் நின்ற அக்கா அல்போன்சாவிடமும் அதையே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிற அல்போன்சா, தங்கையின் முகம் சரியில்லை என்று புதன்கிழமை லீவு போட்டு வீட்டிலேயே இருந்தாள். பிரஷ் கழுவ இன்னும் சுடுதண்ணீர் வேண்டும் என்று மரியா கேட்டதால், சமையலறையில் கெட்டிலைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள்.

வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஜெயராஜ் அதை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான்.

மேசையைப் புரட்டித் தள்ளினான். பிரஷ்கள் சிதறி உருண்டன. அவற்றை மிதித்துக்கொண்டே வந்து மரியாவின் கூந்தலைப் பிடித்து முகத்தைத் தொட்டியின் விளிம்பில் மோதினான். முன்பல் உடைந்து நாக்கில் குத்தியது. இரண்டாம் முறை மோதியபோது தொட்டித் தண்ணீரின் நுரை சிவந்தது. அவள் சரிந்து விழுந்ததும் விலாவில் உதைத்தான்.

"கருவிழி வரைக்கும் போயிடுச்சாம். பார்வை வருமான்னு சொல்ல முடியாதாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நோய்க்காரின்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றான். குரல் அழுகையில் உடைந்தது, ஆனால் உதைப்பதை நிறுத்தவில்லை.

கீழே கிடந்த ஒரு பிரஷை எடுத்தான். ஐலைனர் பிரஷ், காம்பு ஊசிபோல் கூர்மையானது. அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, காம்பின் முனையை அவளுடைய வலது இமையில் வைத்தான்.

"கழுவுனியா?"

"கழுவுனேன்," என்றாள் மரியா, வாய் நிறைய ரத்தத்தோடு.

முனை இமையின் மேல் அழுந்தியது. அந்த ஒரு கணத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் கண் போய்விடும் என்று தோன்றி மூடிக்கொண்டாள்.

அல்போன்சா அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது இருவருக்கும் தெரியவில்லை. கெட்டிலின் மூடியைத் திறந்து, கொதிக்கும் தண்ணீர் முழுவதையும் அவன் பிடரியிலும் தோளிலும் கவிழ்த்தாள். அவன் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ராதா மாடியேறி ஓடிவந்தாள். அவன் சட்டையை இழுத்துக் கழற்றப் பார்த்தான். சட்டையோடு தோலும் சேர்ந்து வந்தது. அல்போன்சா அதோடு விடவில்லை. காலிக் கெட்டிலால் அவன் தலையில் அடித்தாள். கைப்பிடி முறிந்த பிறகும் அடித்தாள். ராதா இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஜெயராஜை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலம் மரியாவுக்கு உதட்டில் ஏழு தையல் போட்டு, விலாவுக்குக் கட்டுப்போட்டு, அக்கா தங்கை இருவரையும் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அல்போன்சா பெண் எஸ்.ஐ.யிடம் கன்னடத்தில் தடுமாறாமல் சொன்னாள்: என் தங்கை பிரஷைக் கழுவித்தான் போட்டாள், செய்யாத தப்புக்கு அவளைக் கொல்ல வந்தான், நான் தடுத்தேன், இன்னொரு முறை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

மரியா அக்காவின் கையைத் தொட்டாள்.

"அக்கா, நான் கழுவல. துடைச்சு எடுத்துட்டுப் போனேன். மொதப் பொண்ணுக்குக் கண்ணுல நோய்னு தெரியும்."

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தி, என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அல்போன்சா எழுந்து, மரியாவின் தையல் போட்ட வாயிலேயே ஓங்கி அறைந்தாள். இரண்டு தையல்கள் பிரிந்தன. கான்ஸ்டபிள்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். அவள் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"இது தெரிஞ்சிருந்தா, சத்தம் கேட்டதுமே பாதிச் சூட்டுல எடுத்துட்டு வந்திருப்பேன்டி. நல்லா கொதிக்கட்டும்னு நின்னேன். என் தங்கச்சி தப்பே பண்ணலன்னு நின்னேன்."

இரண்டு பக்கமும் கேஸ் பதிவானது. அல்போன்சா ஒன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள்; வேலை போயிருந்தது. ஜெயராஜுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துப் பிடரியில் ஒட்டினார்கள். ஸ்னேஹாவின் இடது கண் தேறியது. வலது கண்ணில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து மரியா சிவாஜிநகருக்குப் போனாள். போக வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்னேஹாவே வந்து கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே மரியா எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை பார்த்த சிவந்த கண், டிஷ்யூ, போனில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. ஸ்னேஹா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசினாள்.

"எனக்கு மை போடறப்ப உங்களுக்கு அது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஸ்னேஹா கண்ணாடியைக் கழற்றி, அவள் நன்றாகப் பார்க்கும்வரை நின்றாள்.

"அப்ப எங்கண்ணன் அடிச்சது பத்தாது," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரியா விலாவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.