ஒற்றைக் கைக்கு ஒரு ஜெர்கின்

மகன் வீட்டை விட்டுப் போன பிறகும் அவனுடைய சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் வருடம் கைகள் நீண்டன, அடுத்த வருடம் தோள் அகன்றது. அது தொங்கியது படுக்கையறைக் கதவின் பின்பக்கம். அந்தக் கதவை நாள் முழுக்கத் திறந்து மூடும் அம்மாவின் கண்ணில் அது படவில்லை என்பதுதான் வேடிக்கை. தெருவுக்கே பேன்ட்டைக் குட்டையாக்கி, இடுப்புப் பிடித்து, ஜிப் மாற்றிக் கொடுக்கிறவள் அவள். ஊசிக்காரம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே தோள் தையலைப் பார்க்கிற ஆள். ஸ்வெட்ஷர்ட்டின் கீழ்ப்பட்டை கதவின் கைப்பிடியைத் தொட்ட அன்றைக்குத்தான் டேப்பை எடுத்து வந்தாள்.

“பனியன் துணி. தொங்கித் தொங்கி இழுத்திருக்கும்,” என்றார் பேருந்து ஓட்டுகிற அவள் கணவர்.

“தொங்கினா நீளந்தான் கூடும். தோள் எப்படிங்க அகலும்?”

டிரைவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். பையன் போன நாளிலிருந்து அவர் பல கேள்விகளுக்கு ஷூவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய இரவு அவன் நேரம் கழித்து வந்து எதிர்த்துப் பேசினான். ஸ்டியரிங் பிடித்து உரமேறிய கைகளால் அவர் அவன் வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். தோளில் ஏதோ சத்தம் கேட்டது. விடிந்தபோது பையன் இல்லை. மழையில் நனைந்த ஸ்வெட்ஷர்ட்டை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், அது காயும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை. குளிரில் வெறும் சட்டையோடு போனானே என்பது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முறுக்கியவரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை.

காவல் நிலையத்தில் ஒரு புகைப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் இருந்தவன் பள்ளிக்கூடப் பையனாகவே நின்றுவிட்டான். கதவுக்குப் பின்னால் இருந்தவன் நிற்கவில்லை. ஒரு நாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து டிரைவர் அதைப் போட்டுப் பார்த்தார்; அதன் கை அவர் விரல் நுனிவரை வந்தது. “என்னை மிஞ்சிட்டான்,” என்று அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு உயரம் நின்று வயிற்றுப் பக்கம் புடைக்க ஆரம்பித்தது. ஊசிக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “யாரோ நல்லா சமைச்சுப் போடுறாங்க, அந்தப் பொண்ணு மகராசியா இருக்கணும்,” என்று வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் பேன்ட்டை நீட்டியபடி, சந்தோஷம் என்றார்கள். இரண்டு குளிர்காலம் கழித்து வயிறு வற்றியது, மார்பும் சுருங்கியது. அந்தப் பெண்ணைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவில்லை. டேப்பை மட்டும் அடிக்கடி எடுத்தாள்.

அந்த வருடம்தான் வலது கை மடங்கிக்கொண்டது. துவைத்துக் கொடியில் காய்ந்தபோது இடது கை காற்றில் ஆடியது. வலது கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்ப மறுத்தது. துணியில் ஏதோ பிசின் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவள் பிடித்துத் தூக்கினாள். உடனே காய்ந்திருந்த கழுத்துப் பட்டை வலியில் வியர்த்து நனைந்தது. “ஐயோ, தெரியாம பண்ணிட்டேன்டா!” என்று கையை விட்டாள். அதற்குப் பிறகு குளிர் நாட்களில் அந்தக் கழுத்துப் பட்டை காலையில் முறுக்கிக் கிடக்கும், யாரோ தலையை நுழைக்கப் பார்த்து முடியாமல் விட்டதுபோல. எங்கேயோ அவனுக்குக் குளிர்கிறது, போட்டுக்கொள்ளப் பார்க்கிறான், கை எழும்பவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஊசிக்காரம்மாவுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. முன்பக்கத்தைத் திறந்து ஜெர்கினாக்கிவிட்டால் தோளில் போட்டு இழுத்துக்கொள்ளலாம்.

டிரைவர் கத்தரிக்கோலைப் பிடுங்கி ஒளித்து வைத்தார். “போட முடியாத வரைக்கும்தான் அது இங்க தொங்கும். போட முடிஞ்சா போட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் இளைச்சானா பெருத்தானான்னு நமக்கு எப்படித் தெரியும்? இருக்கானான்னே தெரியாதே!”

“தெரிஞ்சு தெரிஞ்சு என்ன கிழிச்சோம்? அவன் குளிர்ல நடுங்குறதை அளந்து பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம்.”

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் கை ஓடவில்லை. வாரக்கணக்கில் ஸ்வெட்ஷர்ட் அப்படியே தொங்கியது. ஒரு நாள் மதியம் கத்தரிக்கோல் தானாகவே தையல் மிஷின் மேல் திரும்பி வந்திருந்தது. டிரைவர் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார்.

முன்பக்கத்தின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டு, கழுத்திலிருந்து கீழ்ப்பட்டைவரை வெட்டினாள். எதுவும் நடக்கவில்லை. வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நல்ல உலோக ஜிப்பாக எடுத்துத் தைத்து முடித்து, திருப்தியோடு தன் வலது கையை இடுப்பில் செருகிக்கொண்டு போட்டுப் பார்த்தாள். அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டாள்: ஜிப்பின் அடிமுனையைக் கோர்க்க இரண்டு கை வேண்டும். அத்தனை வருடம் ஜிப் மாற்றியவளுக்கு இது தோன்றவில்லை. பிரித்தெடுத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் பூட்டிக்கொள்ளும் டிச் பட்டன் வைப்பதென்று முடிவு செய்தாள். பனியன் துணி பட்டனைத் தாங்காது, அடியில் கெட்டித் துணி வேண்டும் என்று சொன்னபோது டிரைவர் உள்ளே போய்த் தன் பழைய சீருடைச் சட்டையைக் கொண்டு வந்தார். அவள் அதை வாங்கி வெட்டினாள்.

அளவு பார்க்க ஆள் தேவைப்பட்டது. உயரத்தை விட்டால், இளைத்துவிட்ட மகனும் அப்பாவும் இப்போது கிட்டத்தட்ட ஒரே அளவு. “வாங்க, நில்லுங்க. வலது கையைத் தொங்க விடுங்க. தூக்கக் கூடாது.” ஜெர்கினை அவருக்கு மாட்டினாள். பக்கவாட்டில் தொளதொளவென்றிருந்ததை இழுத்துப் பிடித்து குண்டூசி குத்தினாள். முதுகில் இரண்டு பிடிப்பு. வலது அக்குளில் மட்டும் கொஞ்சம் தளர்வு. பிள்ளையின் உடம்பாக நின்றுகொண்டிருந்த மனிதருக்கு உதடு கோணியது. அவருடைய வலது தோள் தானாகக் கனத்தது, வலித்தது.

“நான் முறுக்கின கைதானே இது?” என்றார்.

“ஆமா.”

அவர் குலுங்கினார்.

“அசையாதீங்க, ஊசி குத்தும்,” என்றாள். வாயில் மூன்று குண்டூசி இருந்ததால் அவளால் அழவும் முடியவில்லை. அவர் தோளில் ஒரு கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே மற்றதைக் குத்தி முடித்தாள். அந்த வீட்டில் அவள் அவரைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

கீழ்ப்பட்டையை வெட்டியெடுத்துக் காலராக வைத்து, ஓரமெல்லாம் ஓவர்லாக் அடித்து, இஸ்திரி போட்டு, பழையபடி கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினாள். கச்சிதமாக வந்திருந்தது. குளிர் இறங்கிய முதல் காலையில் கொக்கி காலியாக இருந்தது. கதவும் ஜன்னலும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தன. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, “மகன் எடுத்துட்டுப் போயிட்டான்,” என்று ஊசிக்காரம்மா, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். போட்டால் அவனுக்கு நன்றாக இருந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். “அது தெரியாதுங்க,” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து அழுது தீர்த்தாள். டிரைவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் இளைத்தானா, நரைத்தானா, இருக்கிறானா என்பது அதன் பிறகு அவர்களுக்கு என்றைக்கும் தெரியவில்லை. அந்த வருடம் குளிர் கடுமையாக இருந்தது, ஆனால் அவனிடம் ஜெர்கின் இருந்தது. இருவரும் தூங்கினார்கள்.