கொதிக்க வைத்த எச்சில்

எச்சில் என்றால் என் பெயர்தான் வரும். "வசந்தகுமாரி, டியூபை எடுத்துக்கிட்டு வெளியே போய்ப் பிடிச்சிட்டு வா" என்பார் ஜானகிராமன் சார். ஆவடியில் எங்கள் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பில், வெள்ளானூர் காலனியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் முப்பது பேருக்கும் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். மற்றவர்கள் வாயெல்லாம் வறண்டா கிடந்தது?

செய்முறை எளிமையானது. எச்சிலில் அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது கஞ்சித் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்கும். மாவு மிச்சமிருந்தால் அயோடின் விட்டதும் நீலமாகும். மாவு தீர்ந்துவிட்டால் நீலம் வராது.

அன்றைக்கு மாதிரித் தேர்வு. அந்த மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேரும். அதில் கோட்டை விட்டால் நான் நம்பியிருந்த நர்சிங் படிப்பும் போய்விடும். எச்சிலைப் பிடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சார் கைகாட்ட, ஆய்வக உதவியாளர் கஜபதி அதை இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் விளக்கின் மேல் காட்டினார். குழாய்க்குள் குமிழி குமிழியாகப் பொங்கியது.

"சார், சூடு பண்ணா நொதி..." என்றேன்.

"உன்னைக் கேட்டேனா? எல்லாப் பிள்ளைங்களும் தொட வேணாமா? சுத்தமாயிடட்டும்" என்றார் ஜானகிராமன் சார்.

சாருக்குத் தெரியாதா? போன வாரம்தான் இதே கரும்பலகையில் எழுதிப் போட்டார். நொதி என்பது ஒரு புரதம், தனக்கென்று ஒரு மடிப்போடு இருக்கும், மாவை அந்த மடிப்பில்தான் பிடித்து வெட்டும், கொதித்தால் மடிப்பு குலைந்துவிடும் என்று. "வெந்த முட்டை மறுபடியும் பச்சை முட்டையாகுமா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்கவும் வைத்தார். இத்தனையும் தெரிந்துகொண்டேதான் கொதிக்க வைக்கச் சொன்னார்.

கொதித்த எச்சிலை ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணீரில் கலந்து, முப்பது குழாயிலும் அயோடின் விட்டார்கள். முப்பதும் கருநீலம்.

"உன் எச்சில்ல சரக்கே இல்லையே! காலையில என்னத்தைத் தின்னே?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. என் பெயருக்கு நேரே மட்டும் சிவப்பு மையில் ஒரு சைபர் போட்டார். மற்றவர்களுக்கு மறுவாய்ப்பாம்.

பக்கத்தில் நின்ற ஜமீலா, தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரி, என் விலாவில் இடித்தாள். "இன்னாடி, கம்முனு கீற?"

எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. புதுக் குழாய் ஒன்றை எடுத்தேன். வெளியே போகவில்லை. சாரின் முகத்துக்கு எதிரே நின்று துப்பினேன். அதில் கொஞ்சத்தை இன்னொரு குழாயிலிருந்த கஞ்சித் தண்ணீரில் ஊற்றி, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டேன். சில நிமிடம் கழித்து அயோடினைச் சொட்டினேன். நீலம் வரவில்லை. அயோடினின் மஞ்சள்தான் நின்றது.

சார் தொண்டையைக் கனைத்தார். "ம்... சரி. மீதி எச்சிலைக் குடு. எல்லாரும் அதுலேர்ந்தே ஆளுக்கு ரெண்டு சொட்டு எடுத்துக்கங்க. நேரமாச்சு."

மதிப்பெண் என்றதும் தீட்டு எங்கே ஓடியது பாருங்கள்! கொதிக்க வைக்கச் சொல்லி இப்போது ஒருவரும் கேட்கவில்லை. சுற்றிலும் கைகள் நீண்டன.

"மொதல்ல என் சைபரை அடிங்க சார்."

அடித்தார். பக்கத்தில் முழு மதிப்பெண்ணையும் எழுதினார். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீதி எச்சிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.

"ஏய், என்ன பண்றே?"

"எல்லார் வாயிலயும் கீது சார். உங்க வாயிலயும் கீது. துப்பச் சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. நான் தலை குனியவில்லை. முதலில் ஜமீலாதான் ஒரு குழாயை எடுத்துத் துப்பினாள். கஞ்சித் தண்ணீரில் கலந்து அயோடின் விட்டபோது அவளுடையதும் மஞ்சளாகத்தான் நின்றது.