நாலு நிமிடப் படம்

புரொஜெக்டரை யார் ஓட்டுவது என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது எல்லா டீச்சர்களும் கூரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து பூகோளம் நடத்துவதோடு படம் ஓட்டுவதும் என் தலையில் விழுந்தது.

போர் தொடங்கி எட்டாவது மாதம். கல்வி இலாகா எங்களுக்கு அனுப்பியது ஒரே ஒரு ரீல். விமானம் குண்டு போட வந்தால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் படம். நாலே நிமிடம். அபாயச் சங்கு ஊதும். வகுப்புப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து தலைமேல் கை வைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்கள். வேறு படம் இல்லாததால் வாரம் தவறாமல் இதையே போட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் தையல்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். முந்திரிக்கொட்டை என்று நான்தான் பெயர் வைத்தேன். படத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். திரையில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் போனதும் சத்தமாக எண்ணத் தொடங்குவாள். தொண்ணூறு வந்ததும், "இப்ப அடிக்கும் பாருங்க" என்பாள். மணி அடிக்கும். வகுப்பே கைதட்டும். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கை கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிஜமாகவே விமானங்கள் வந்தன. பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்திருந்த நேரம். நாற்பது நிமிடம் குண்டு போட்டார்கள். எங்கள் பள்ளியில் செத்தது அவள் ஒருத்திதான்.

பத்து நாள் கழித்துத் தையல்காரர் பள்ளிக்கு வந்தார். நான் படம் போடும் அறையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறை ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை தைத்துக் கொடுத்தவரே அவர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அவளும் அவ அம்மாவும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தாங்க. ஒண்ணும் ஆகல. வாய்க்குள்ள ஏதோ எண்ணிட்டே இருந்தவ, திடீர்னு 'முடிஞ்சிருச்சும்மா, படத்துல இவ்வளவுதான்'னு சொல்லிட்டு வாசலுக்கு ஓடிட்டாளாம். அது என்ன படம்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏதாவது சினிமாவைச் சொல்லியிருப்பாள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். டீச்சர் சொன்னால் அது வேதவாக்கு அவருக்கு. அவர் மகளுக்கும் அப்படித்தானே இருந்தது?

"உக்காருங்க. போட்டுக் காட்டறேன்."

பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். சங்கு ஊதியதும் அவருக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. திரையில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் போனார்கள். மணி அடித்தது. எழுந்து சிரித்தார்கள். ரீல் முடிந்து, அதன் வால் டப் டப்பென்று அடித்துக்கொண்டது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

"அன்னைக்கு நாப்பது நிமிஷம் ஆச்சே டீச்சர்."

"நான் சொல்லிக் குடுத்திருக்கணும். சொல்லல. அவ எண்ணினப்ப கைதட்டினேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மத்த பிள்ளைங்களும் இதைத்தான் எண்ணிட்டிருக்குதுங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் போய்விட்டார்.

மறுநாள் அதே ஐந்தாம் வகுப்பை அழைத்து வந்து, அதே படத்தைப் போட்டேன். சங்கு ஊதியதும் பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னேன். போன கையோடு எண்ண ஆரம்பித்தார்கள், முப்பத்தேழு பேரும். அவள் பழக்கிவிட்ட பழக்கம். அறுபது வந்தபோது புரொஜெக்டரை நிறுத்தினேன். ரீல் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் படம் பொசுங்கிவிடும், அதனால் விளக்கையும் அணைத்தேன். அறை கும்மிருட்டானது.

"டீச்சர், கரண்ட் போச்சா?"

"இல்ல. யாரும் வெளிய வரக் கூடாது."

முதலில் சிரித்தார்கள். தொண்ணூறு வந்தது, மணி அடிக்கவில்லை. நூறு, இருநூறு. காலை மாற்றிப்போடும் சத்தம் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஹெட்மாஸ்டர் கதவைத் தட்டி, "என்ன நடக்குது உள்ள?" என்று கத்தினார். நான் திறக்கவில்லை. ஆயிரத்தைத் தாண்டிய பிறகும் சில குரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

"டீச்சர், மணி எப்ப அடிக்கும்?"

"தெரியாது."

"சும்மா தோராயமா சொல்லுங்க டீச்சர்."

"எனக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது. எண்ணாதீங்க."

குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் தடவித் தடவிப் போய், அவள் இடத்தில் காலியாக இருந்த ஒரே மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.