வீட்டு அடுப்பும் ஓட்டல் அடுப்பும்

மகன் வேணு பட்டாள லாரி ஓட்டப் பர்மா எல்லைக்குப் போன அன்று, பூவம்மாள் தணிகை மலையேறி வேண்டிக்கொண்டாள். "அவன் திரும்பி வர்ற வரைக்கும் எங்க வீட்டு அடுப்புல கறி ஏறாது, முருகா."

பக்கத்தில் நின்ற புருஷன் ராஜவேலுவும் கைகூப்பினார். அம்மையார்குப்பத்துச் சேலைகளை வாங்கி அரக்கோணத்தில் விற்பவர். பேரம் படிந்த பிறகும் பேச்சில் ஓட்டை தேடுகிற பழக்கம். மலை இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்: வேண்டுதல் வீட்டு அடுப்புக்குத்தான், அரக்கோணம் ஸ்டேஷன் எதிரே உள்ள ஓட்டல் அடுப்புக்கு அல்ல.

பூவம்மாளுக்கோ அவர் நாக்கு செத்துப்போகிறதே என்ற கவலை. ஞாயிறுதோறும் பலாப்பிஞ்சைத் துண்டு போட்டு, கறிக்கு அரைக்கிற மசாலாவையே அரைத்துக் குழம்பு வைத்தாள். உறிஞ்ச எலும்பு வேண்டுமே என்று முருங்கைக்காயும் போட்டாள்.

"நெஜக் கறி தோத்துது போ" என்பார் ராஜவேலு. இரண்டையும் தின்று பார்த்து வந்தவர் ஆகையால் அது பொய்யும் அல்ல.

மாதக்கணக்கில் வேணுவிடமிருந்து கடிதம் இல்லை. ஓட்டலில் அவருக்கு முதல் கவளம் தொண்டையில் நிற்கத் தொடங்கியது. இரண்டாவது இறங்கிவிடும்.

ஒரு ஞாயிறு அரக்கோணத்திலிருந்து வந்தவர், சந்தேகம் வரக்கூடாதென்று வீட்டிலும் ஒரு பிடி பிடித்தார். பிறகு பல் குத்தினார். இலையோரம் ஒரு நார் விழுந்தது. இலை எடுக்கக் குனிந்த பூவம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னாங்க இது?"

"பலாக்காய் நாரு."

அவள் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அசல் கறி மாதிரியே இருக்குதே. நான்தான் மீறிட்டேன். வுட்டுட்டேன்னு சாமிகிட்ட சொல்லிப்புட்டு, அதே ருசிய கொல்லப்பக்கமா உள்ள கொண்டாந்துட்டேன். அதான் புள்ளகிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. நாளைக்கு மலைக்குப் போயி கன்னத்துல போட்டுக்கினு வரேன்."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு? நீங்க என்னா பாவம் பண்ணீங்க?"

சாயம் போகிற சேலையைச் சத்தியம் பண்ணி விற்ற வாய் அது. இப்போது பொய்க்கு எழவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அது பலா இல்ல, பூவு."

அவள் நாரை இலையிலேயே போட்டாள்.

"அரக்கோணமா?"

"ஆங்."

இலையை மடித்தாள். "வேணு வந்ததும் அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மறுநாள் மலையில் ராஜவேலு பேரம் பேசவில்லை. மகன் எதிரில் தலைகுனிந்து நிற்கிற அந்த வெட்கத்தை எப்படியாவது தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார்.