நாற்காலித் தூக்கம்

அறைக் கதவுக்குக் குறுக்கே தையல் மெஷினை இழுத்துப் போட்டு, அதன் மேல் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள் அவள். இறந்துபோன கணவரின் வாழ்க்கை வரலாறு. அட்டையில் தொளதொள கோட்டும் கோணல் தொப்பியுமாக அவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டைத் தைத்தவள் அவள்தான். அதைப் பற்றிப் புத்தகத்தில் மூச்சே இல்லை.

அறைக்குள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா இருந்த நாடகக் கம்பெனியில் இப்போது அவள்தான் சிரிப்பு நடிகை. வெளியூரில் விடிய விடிய நடித்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்திருந்தாள்.

"திடீர்னு ஒரு மத்தியான ஷோ வந்திருக்கு அண்ணி. வேன் வாசல்ல நிக்குது, அவளை எழுப்புங்க," என்றார் புத்தகத்தைக் கொண்டுவந்த மேனேஜர். "அண்ணனைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்கல்ல? தூக்கத்தையே ஜெயிச்சவர். அவர் பொண்ணு இப்படித் தூங்கலாமா?"

அந்தப் பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. நடுக்காட்சியில் நாற்காலியில் தூங்கிப்போவது அவர் கண்டுபிடித்த உத்தியாம். உத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஓயாமல் நடித்த அசதியில் ஒருநாள் மேடையிலேயே நிஜமாகத் தூங்கிவிட்டார் மனிதர். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. மறுநாளிலிருந்து தினமும் அப்படியே தூங்கச் சொன்னவர் இதே மேனேஜர். அப்புறம் கணவருக்குக் கிடைத்த தூக்கமெல்லாம் அந்த நாற்காலியில் கிடைத்ததுதான். திரைக்குப் பின்னாலிருந்து மணியடித்து எழுப்புவது அவள் வேலை. அவர் எழுந்து திருதிருவென்று விழிப்பார். மறுபடியும் சிரிப்பு.

கடைசி நாள் அவள் மணியடித்தாள். மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. 'சிரிப்பொலிக்கு நடுவே விடைபெற்றார்' என்று முடித்திருந்தார்கள்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

"எழுப்ப மாட்டேன்."

"ஜனங்களுக்கு என்ன பதில் சொல்றது அண்ணி?"

"அவ தூங்குறாள்னு சொல்லுங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்."

"வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"போட்டுக்கோங்க. அந்தப் பொண்ணுக்கும் வீட்டுல ஒரு அம்மா இருப்பா, அவளையும் வந்து பாருங்க."

மேனேஜருக்கு முகம் கறுத்தது. அறைக் கதவைப் பார்த்து, மகளின் பெயரைச் சொல்லி அடித்தொண்டையில் கத்த ஆரம்பித்தார்.

அவள் ஊசியில் நூல் கோக்கவில்லை, துணியும் வைக்கவில்லை. வெறும் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். தடதடவென்ற அந்தச் சத்தத்தில் அவருடைய குரல் அமுங்கிப்போனது. தொட்டிலில் கிடந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் மகள். வாசலில் வேன் கிளம்பிப் போகும்வரை அம்மா காலை எடுக்கவில்லை.