மண்ணெண்ணெய் பட்ட சட்டை

நான் மெஷின் மெக்கானிக். கையில் கிரீஸ் பட்டாலும் மண்ணெண்ணெய், துணியில் பட்டாலும் மண்ணெண்ணெய். பட்டறையில் நாங்கள் கற்ற பாடம் அதுதான். அந்தப் பாடம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் புதிதாகச் சேர்ந்திருந்த பிஸ்கட் ஆலையில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் கொடுத்திருந்தார்கள். கறை தெரிந்தாலும் வாடை அடித்தாலும் மாவு பிசையும் கூடத்துக்குள் விடமாட்டார்கள். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மறுநாள்தான் முடிவாகும். சட்டைப் பைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு கிரீஸ். அறிவாளி நான் என்ன செய்தேன்? மண்ணெண்ணெயை ஊற்றிப் பரபரவென்று தேய்த்தேன். கறை தோள்வரை பரவியது. வீடே நாறியது. போதாக்குறைக்கு அடுப்பிலிருந்து வெந்நீரையும் இறக்கிக்கொண்டு வந்தேன்.

"அய்யய்யோ, வெந்நீர ஊத்தாதீங்க!"

கத்தியது என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறவள். துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம் என்று சண்டை போட்ட பிறகு எங்களுக்குள் பேச்சே கிடையாது. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வோம். இப்போது என் முகத்தைப் பார்த்தே திட்டினாள்.

"சூடு பட்டா கறை துணியிலேயே குடியேறிடும். இதுகூடத் தெரியாதா?"

சட்டையைப் பிடுங்கினாள். பழந்துணியால் ஒற்றி, முகப்பவுடரை அள்ளிக் கொட்டினாள். அது எண்ணெயைக் குடித்ததும் தட்டிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பை உள்பக்கமாகத் தடவிப் பச்சைத் தண்ணீரில் அலசினாள். மறுபடி பவுடர், மறுபடி சோப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகுதான் அவளுக்குத் திருப்தி. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

கொடியில் காற்று நன்றாக வருவது அவள் பக்கம்தான். தன் துணிகளை ஒதுக்கிவிட்டு என் சட்டையை அங்கே போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் நேராகக் கொடியடிக்கு ஓடினேன்.

"நிரந்தரம் பண்ணிட்டாங்க! நீ மட்டும் இல்லேன்னா கேட்டுக்கு வெளியவே நின்னிருப்பேன். நீ நல்லா இருக்கணும்." அவள் கையில் எண்ணெய் தெறித்த ஹோட்டல் சட்டை இருந்தது. "குடு, இத நான் துவைக்கிறேன்."

அவள் சட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"ஆள விடுங்கக்கா! மண்ணெண்ணெய ஊத்திடுவீங்க."

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!